வெடியோசையும் யதார்த்தமும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்கும் வழியில் அமைந்த சேரப்பணஞ்சேரியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரித் தண்ணீரையும் நெல் வயலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும், தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களும், இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளிலும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் பட்டறைகளிலும் ஷிப்டு முறையில் வேலை செய்கிறார்கள். வேலை முடிந்து வந்து அவர்கள் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கும் நிகழ்ச்சிகளுள், அந்நிய நாடுகளில் படமாக்கப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்த துப்பாக்கி ரியாலிட்டி ஷோக்களும் ஒரு வகை. டிஸ்கவரி அலைவரிசை 2009-இலும், ஹிஸ்டரி டிவி18 2011-இலும் தமிழ் ஒலியோடு ஒளிபரப்பத் தொடங்கியதிலிருந்து, ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் இத்தகைய அயல்நாட்டுப் பட்டறைகளின் உலகம் அந்நியமாக இல்லை.

ஒரு பட்டறையில் நான்கைந்து பேர் கூடி, வாடிக்கையாளர் விரும்பிய வினோதமான ஆயுதம் ஒன்றைச் சில நாள் கெடுவுக்குள் செய்து முடித்து, நிகழ்ச்சியின் கடைசி நிமிடங்களில் வெட்டவெளியில் வைத்துச் சுட்டு ஆரவாரம் செய்வதையும், வீரர்கள் அணி அணியாகப் பிரிந்து கண்ணாடிப் புட்டிகளையும் சுழலும் தட்டுகளையும் குறிபார்த்துச் சிதறடிப்பதையும் காணும்போது, இவற்றில் மெய் எவ்வளவு, ஜோடனை எவ்வளவு என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கு விடை சொல்லும் தகுதி, ஆயுத நிபுணர்களுக்கு அடுத்தபடியாக, மைக்ரோமீட்டரும் கேஜுமாக நாள் முழுவதும் பழகுகிற இந்தத் தொழிற்சாலை வட்டாரத்து மக்களுக்கே அதிகமாக உண்டு என்பது நம் திடமான அபிப்பிராயம். ஏனென்றால் துப்பாக்கியைப் பற்றிய உண்மையில் மிகப் பெரும் பகுதி அது வெடிக்கும் கணத்தில் இல்லை. அதற்கு முன்னால் கழிந்த நீண்ட நாட்களில், அளந்து பார்த்ததிலும், சோதித்ததிலும், தேறாததை ஒதுக்கித் தள்ளியதிலும் இருக்கிறது. தொலைக்காட்சி கத்தரித்து எறிந்துவிடுவதும் அந்தப் பகுதியைத்தான்.

இவ்வகை நிகழ்ச்சிகளின் வரலாறு

துப்பாக்கியை மையமாக வைத்த ரியாலிட்டி ஷோக்களின் பொற்காலம் அமெரிக்காவில் 2010-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளே. 2010 ஜூன் மாதம் ஹிஸ்டரி அலைவரிசையில் தொடங்கிய 'டாப் ஷாட்' என்னும் போட்டி நிகழ்ச்சியை, 'சர்வைவர்' போட்டியின் மூலம் பெயர் பெற்ற கோல்பி டொனால்ட்சன் நடத்தினார். முதல் பருவத்தில் 16 பேர் கலந்துகொள்ள, வென்றவருக்கு 1,00,000 டாலர் பரிசு கிடைத்தது. ஐந்து பருவங்கள் ஓடி 2013-இல் அது நின்றது. டிஸ்கவரி அலைவரிசையில் 2011-இல் தொடங்கிய 'சன்ஸ் ஆஃப் கன்ஸ்', லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் இருந்த ஒரு துப்பாக்கிப் பட்டறையின் வாழ்க்கையைக் காட்டியது. அதே ஆண்டில் அதே அலைவரிசையில் வந்த 'அமெரிக்கன் கன்ஸ்', துப்பாக்கி வாங்கி விற்கும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லியது.

இவற்றின் முடிவுகளும் கவனிக்கத் தக்கவை. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையை உலகம் கண்டு துடித்த அந்த நாட்களில், 'அமெரிக்கன் கன்ஸ்' மேற்கொண்டு தொடராது என்று டிஸ்கவரி அறிவித்தது. 'சன்ஸ் ஆஃப் கன்ஸ்', அந்தப் பட்டறையின் உரிமையாளர் கடுங்குற்றம் ஒன்றுக்காகக் கைது செய்யப்பட்டதையடுத்து 2014-இல் கைவிடப்பட்டது. ஆயினும் ஒளிபரப்பு நின்ற நிகழ்ச்சிகள் இன்று மறைந்து போவதில்லை. துண்டு துண்டாக இணையத்தில் உலவி, பத்தாண்டுகள் கழித்தும் புதிய கண்களைச் சென்றடைகின்றன. ஆகையால் அவற்றின் தரத்தை இப்போது ஆராய்வது காலங்கடந்த வேலையாகாது.

ஐந்து நாளில் ஒரு துப்பாக்கி

பட்டறை நிகழ்ச்சிகளின் ஆதாரமான கட்டுமானம் கெடு. நாள் குறைவு, வாடிக்கையாளர் கோபக்காரர், ஒரு பாகம் பொருந்தவில்லை, தலைவருக்கும் தொழிலாளிக்கும் வாக்குவாதம், கடைசியில் எல்லாம் கூடிவந்து வெடிச்சத்தத்தோடு மங்களம் என்ற அதே வரிசை, வாரந்தோறும் பாத்திரங்களையும் ஆயுதத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கெடுவில் பெரும் பகுதி படப்பிடிப்புக்காக வகுக்கப்பட்டது என்பதையும், வெவ்வேறு வேளைகளில் எடுத்த முகபாவங்களையும் பேச்சுகளையும் ஒட்டி ஒரே சண்டையாக ஆக்குவது ரியாலிட்டி ஷோ தொகுப்பாளரின் அன்றாடத் தொழில் என்பதையும் பார்வையாளர் மறந்துவிடலாகாது.

இதற்கு எதிராக, நம் நாட்டில் ஒரு துப்பாக்கி பிறந்த விதத்தை எண்ணிப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளியில் 1966-இல் நிறுவப்பட்ட, மக்கள் துப்பாக்கித் தொழிற்சாலை என்றே அழைக்கும் படைக்கலத் தொழிற்சாலையும், இஷாப்பூர், கான்பூர் தொழிற்சாலைகளும் உற்பத்தி செய்த இன்சாஸ் என்னும் 5.56 மில்லிமீட்டர் ரைஃபிளின் வடிவமைப்பு, புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் தொடங்கியது. அது டில்லியில் குடியரசு நாள் அணிவகுப்பில் படைவீரர்களின் கையில் காட்சி தந்தது 1998-இல். அத்தனை ஆண்டு சோதனைக்குப் பிறகும், 1999-இல் கார்கில் மலைச்சிகரங்களின் கடுங்குளிரில் அதன் மேகஸின் என்னும் தோட்டாப் பெட்டி விரிசல் கண்டதாகவும், சுடும்போது சிக்கிக்கொண்டதாகவும் புகார்கள் எழுந்தன. குறைகளை ஆராய்ந்து, திருத்தி, மறுபடியும் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரு தேசத்தின் பொறியியல் நிலையங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் பிரயத்தனம் செய்தும், கடைசிப் பரீட்சையைப் பனிமலைதான் நடத்தியது.

ஒரு துப்பாக்கிக் குழலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இந்த உண்மை புலப்படும். உருக்குத் தண்டின் நடுவே நீண்ட ஆழ்துளை இட்டு, ரீமரால் அதைத் துல்லிய அளவுக்குக் கொண்டு வந்து, தோட்டா சுழன்று செல்லும்படி உட்சுவரில் புரிபோன்ற வரிகளை இட்டு, பதப்படுத்தி, நேராக்கி, வழக்கத்தைக் காட்டிலும் அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவால் சுட்டு, பிறகு கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏதேனும் உண்டா என்று காந்த முறையால் ஆராய்கிறார்கள். லண்டனில் 1637 முதலே துப்பாக்கி செய்வோர் சங்கம் ஒவ்வொரு குழலையும் இவ்வாறு சுட்டுச் சோதித்து முத்திரை இடும் உரிமை பெற்றிருந்தது. முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது குற்றம். நிகழ்ச்சிகளிலோ இந்தப் படலம் ஒரு கயிற்றைக் கட்டித் தூரத்திலிருந்து விசையை இழுக்கும் சில நொடிக் காட்சியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் காட்சி பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டிய அளவைகள் காணாமற்போனதால், சோதனை என்பது தைரியத்தின் விஷயம் என்ற தவறான எண்ணத்தை அது விதைக்கிறது. உண்மையில் சோதனை என்பது பொறுமையின் விஷயம்.

தொழிற்சாலைக்கு முன்னோடி

சேரப்பணஞ்சேரியைச் சுற்றியுள்ள தொழிலாளிகளே இதற்குச் சிறந்த நீதிபதிகள் என்று மேலே சொன்னதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. ஒரகடத்தில் இன்று ஓடும் அசெம்பிளி லைனின் மூலாதாரமான தத்துவம், அதாவது ஒரே அளவில் செய்யப்பட்ட எந்தப் பாகமும் எந்த இயந்திரத்திலும் அப்படியே பொருந்த வேண்டும் என்ற தத்துவம், முதன்முதலில் துப்பாக்கிப் பட்டறைகளில்தான் பெரும் முயற்சியோடு வளர்க்கப்பட்டது. 1785-இல் பாரிஸில் ஓனோரே பிளாங் என்னும் பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலறிஞர், 50 சுடுபொறிகளைப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்து, கையில் அகப்பட்ட பாகங்களையே எடுத்துப் பூட்டிக் காட்டியதைப் பார்த்து, அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்து வியந்தார். பின்பு அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் 1820-களில் ஜான் ஹால் என்பவர் இயந்திரங்களாலும் கேஜுகளாலும் அந்த எண்ணத்தைச் செயலாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் தொழில் பயின்ற ஹென்றி லேலண்டு, பிற்காலத்தில் காடிலாக் மோட்டார் நிறுவனத்தை அமைத்தார். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் அந்த நிறுவனத்தின் மூன்று கார்களை முற்றிலும் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டியபோது, துப்பாக்கித் தொழிலின் கல்வி மோட்டார் தொழிலுக்கு முறைப்படி கைமாறியது.

நம் வட்டாரத்தோடு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த நிறுவனம், என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்கள் செய்து கொடுத்த பெருமையினால், 1890-களில் தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் சூட்டி, துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது என்ற வாசகத்தையும் பீரங்கிச் சின்னத்தையும் பூண்டது. 1955-இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேரூன்றிய அந்த மோட்டார் சைக்கிள், 2013 முதல் ஒரகடத்திலும் 2017 முதல் வல்லம் வடகாலிலும் உருவாகிறது. அந்த வாசகத்தின் பொருள் சத்தத்தைப் பற்றியதன்று. அளவு தவறாத வேலையைப் பற்றியது.

ஆதலால் இங்கே ஒரு சிறு பட்டறையில் கோ, நோகோ கேஜுகளை வைத்துக்கொண்டு, ஒரு முனை நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது என்று ஆயிரக்கணக்கான துளைகளைச் சரிபார்க்கும் இளைஞர், தாம் அறியாமலே துப்பாக்கித் தொழிலின் நேர் வாரிசாக விளங்குகிறார். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்கும் அதை அடைக்கும் பூட்டின் முகத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை அதே பெயருள்ள கேஜுகளால்தான் இன்றும் பார்க்கிறார்கள். அந்தத் தூரம் மில்லிமீட்டரில் சிறு பின்னம் மிகுந்தாலும் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, சுடுபவரின் முகத்துக்கருகே வெப்பவாயு பீறிடக்கூடும். ஒரு துப்பாக்கிப் பட்டறை நிகழ்ச்சியில் இந்தக் கேஜ் எத்தனை முறை திரையில் தோன்றுகிறது என்று கவனித்தாலே, அந்த நிகழ்ச்சி தொழிலைக் காட்டுகிறதா, தொழிலின் வேஷத்தைக் காட்டுகிறதா என்பது தெளிவாகிவிடும்.

தோட்டா செய்வதும் செய்யாததும்

தொலைக்காட்சியின் யதார்த்தத்தை அளப்பதற்கு இரண்டாவது கருவி பௌதிக சாஸ்திரம். சுடப்பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவார் என்பது சினிமாவும் தொலைக்காட்சியும் சேர்ந்து வளர்த்த பிரமை. ஏ.கே. 47 துப்பாக்கியின் தோட்டா ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ளது. நொடிக்கு 700 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் செல்கிறது. அதன் முழு உந்தத்தையும் 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதன் ஏற்றுக்கொண்டாலும், நொடிக்கு 8 சென்டிமீட்டர் அளவே அவன் பின்னால் நகர முடியும். தோட்டா ஒருவனைத் தூக்கி எறிய வல்லதானால், எதிர்வினை விதிப்படி, சுட்டவனும் அவ்வாறே எறியப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தத் துப்பாக்கி நிமிடத்துக்கு 600 தோட்டா வீதம் சுடுவது. 30 தோட்டா கொண்ட மேகஸின் தொடர்ந்து சுட்டால் மூன்றே நொடியில் காலியாகிவிடும். திரையில் நாம் காணும் நீண்ட சூட்டுக் காட்சிகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2003-இல் தொடங்கி ஆடம் சாவேஜ், ஜேமி ஹைனமன் ஆகிய இருவரால் நடத்தப்பட்ட 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியை இவ்விடத்தில் மனமாரப் பாராட்ட வேண்டும். மேலே சொன்ன பிரமையை அவர்கள் சுட்டுப் பார்த்தே தகர்த்தார்கள். தண்ணீருக்குள் மூழ்கினால் தோட்டாவிலிருந்து தப்பலாமா என்று ஆராய்ந்தபோது, அதிவேக ரைஃபிள் தோட்டாக்கள் மூன்றடித் தண்ணீருக்குள்ளேயே சிதறிப் போயின. மெதுவாகச் செல்லும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களோ அதைவிட ஆழமாகச் சென்றன. யாரும் எதிர்பாராத இந்த விடை, முன்கூட்டி எழுதிய கதையிலிருந்து வந்ததன்று. ஒரு கேள்வியை வகுத்து, சோதித்து, தோற்ற சோதனையையும் ஒளிக்காமல் காட்டியதால் வந்தது. வெடிச்சத்தத்துக்கு அந்த நிகழ்ச்சியிலும் குறைவில்லை. ஆனால் சத்தம் விடைக்கு ஊழியம் செய்தது, விடை சத்தத்துக்கு ஊழியம் செய்யவில்லை.

காதுக்கு வரும் பொய் கண்ணுக்கு வரும் பொய்யைவிட நுட்பமானது. மெய்யான துப்பாக்கியோசை 140 டெசிபலைத் தாண்டி, ஒரே வெடிப்பில் செவிப்புலனை நிரந்தரமாகக் கெடுக்கவல்லது. தொலைக்காட்சிப் பெட்டியோ அதை இனிய முழக்கமாக மாற்றித் தருகிறது. சைலன்சர் பூட்டிய துப்பாக்கி மெல்லத் தும்முவது போல் ஒலிப்பதும் கற்பனையே. அது ஓசையில் 20 முதல் 30 டெசிபலைக் குறைக்கிறதேயன்றி மௌனமாக்குவதில்லை. இதைப் போலவே, ஜெலட்டின் பாளத்தில் தோட்டா பாய்வதை மந்தகதியில் காட்டும் கவர்ச்சியான காட்சி, தசையின் தன்மையை மட்டுமே ஓரளவு பிரதிபலிக்கிறது. எலும்பும் நரம்பும் இரத்தக் குழாயும் அந்தப் பாளத்தில் கிடையா.

அவற்றில் தோட்டா என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாத விதத்தில் கண்டது. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் இல்லத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது, திரையில் எத்தனையோ அபாயங்களைச் சிரித்துக்கொண்டே கடந்த அந்த நடிகர் உயிர் பிழைத்தார் எனினும், கழுத்தில் தைத்த குண்டு அவருடைய குரலை வாழ்நாள் முழுமைக்கும் மாற்றிவிட்டது. மருத்துவமனையில் கட்டோடு படுத்திருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் தேர்தலில் வென்றார். ஆனால் அதற்குப் பிந்திய படங்களில் கேட்ட குரல், முன்பு கோடிக்கணக்கான ஜனங்கள் கேட்டு மகிழ்ந்த குரலாக இல்லை. ஒரு குண்டின் விளைவு ஒரு காட்சியோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி நமக்குத் தேவையில்லை.

குறி தவறாமையின் மெய்வடிவம்

போட்டி நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரையில், 'டாப் ஷாட்' போன்றவை பட்டறை நிகழ்ச்சிகளைவிட ஒரு படி உயர்ந்தவை என்றே சொல்ல வேண்டும். தோட்டா குறியில் பட்டதா, படவில்லையா என்பதைத் தொகுப்பாளரால் மாற்ற முடியாது. பழங்காலத் துப்பாக்கிகளின் வரலாற்றையும், அதிவேகக் கேமராவின் உதவியால் தோட்டாவின் பயணத்தையும் அந்த நிகழ்ச்சி கற்பித்தது. ஆனால் அதே நிகழ்ச்சி, யாரை வெளியேற்றும் போட்டிக்கு அனுப்புவது என்பதைச் சக போட்டியாளர்களின் பெயர் எழுதிய குறிகளைச் சுட்டுத் தீர்மானிக்கச் செய்து, ஒரே வீட்டில் அடைத்துவைத்தவர்களின் மனஸ்தாபங்களுக்கும் நேரம் ஒதுக்கியது. திறமையைக் காண வந்த பார்வையாளருக்கு அந்தச் சண்டைகளால் ஒரு லாபமும் இல்லை.

துப்பாக்கி சுடுதல் என்னும் விளையாட்டின் உண்மையான முகம் வேறு. ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில், குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அதை நோக்கி, மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் அடக்கி, அறுபது முறை அதே நிலையில் நின்று சுட வேண்டும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். நடிகர் அஜித்குமார் 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் தம் அணியோடு பதக்கங்கள் பெற்றதும், நம் இளைஞர் பலர் இந்த விளையாட்டின் பெயரையேனும் அறிய நேர்ந்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் கைத்துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகி, இரண்டே புள்ளியில் இறுதிப் போட்டி கைநழுவியதும், மூன்று ஆண்டுகள் விடாது உழைத்து 2024-இல் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றதும், எந்த ரியாலிட்டி ஷோ எழுத்தாளரும் ஜோடிக்க வேண்டாத மெய்க்கதை. ஒரு சிறு பாகத்தின் பழுது ஒருவரின் பல்லாண்டு உழைப்பைத் தடுத்துவிடக்கூடும் என்பதை, உதிரி பாகம் செய்கிற ஊரார் உடனே உணர்வார்கள்.

மறைக்கப்படும் ஜாக்கிரதை

இந்நிகழ்ச்சிகளின் மிகப் பெரிய குறை, சட்டத்தையும் பாதுகாப்பையும் திரைக்குப் பின்னால் ஒதுக்கிவிடுவது. துப்பாக்கிக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, இயந்திரத் துப்பாக்கியும் சைலன்சரும் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுக்கு உட்பட்டவை. 1986-க்குப் பிறகு செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கியைச் சாதாரணக் குடிமகன் வைத்துக்கொள்ளவே முடியாது. அந்த மனுக்களும் காத்திருப்பும் திரைக்கு வருவதில்லை. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் இன்னும் கண்டிப்பானவை: உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதும், செய்வதும், மாற்றியமைப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம், 2019-இல் வந்த திருத்தத்தின்படி, விளையாட்டு வீரர் முதலிய சிலர் நீங்கலாக, உரிமம் பெற்றவரும் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடைசல் இயந்திரமும் உருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இளைஞர்கள், திரையில் கண்டதைச் செய்து பார்க்கும் ஆசையை அடியோடு விலக்க வேண்டும் என்று இங்கே அழுத்தமாகச் சொல்வது நம் கடமை.

அனுபவமிக்க படப்பிடிப்புக் குழுக்களே சறுக்கியிருக்கின்றன. 1993-இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது, முன்பு எடுத்த காட்சியில் போலித் தோட்டாவிலிருந்து கழன்று குழலுக்குள் தங்கிவிட்ட ஈயமுனையை, பின்பு சுட்ட வெற்றுத் தோட்டாவின் வாயு வெளியே தள்ளியதால். 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில், போலித் தோட்டாவே உள்ளது என்று நம்பிய துப்பாக்கிக்குள் மெய்யான தோட்டா இருந்ததால், ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் 2024-இல் தண்டனை பெற்றார். நாம் புகழ்ந்த 'மித்பஸ்டர்ஸ்' குழுவினரே 2011 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டப்ளின் நகரில், காவல்துறையின் சுடுதளத்தில் சுட்ட பீரங்கிக் குண்டு தவறிப்போய் ஒரு வீட்டுச் சுவரைத் துளைத்துச் சென்றது; யாருக்கும் காயமில்லை என்பது தெய்வாதீனம். நிபுணர்களுக்கே இத்தனை ஜாக்கிரதை போதவில்லை என்றால், ஜாக்கிரதையையே காட்டாத நிகழ்ச்சியை யதார்த்தம் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

பார்வையாளருக்கும் படைப்பாளருக்கும்

ஆகவே ஒரு துப்பாக்கி நிகழ்ச்சியின் தரத்தை அறிய விரும்பும் வாசகர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். அளப்பதையும் சோதிப்பதையும் அது காட்டுகிறதா? தோல்வியையும் அதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறதா? ஆயுதத்தைக் கையாளும் விதியையும் சட்டத்தையும் அது மதிக்கிறதா? இவை மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் நிகழ்ச்சியை வீட்டாரோடு அமர்ந்து பார்க்கலாம், பயனும் பெறலாம். மூன்றுக்கும் இல்லை என்றால், அது எவ்வளவு விமரிசையாகப் படமாக்கப்பட்டிருந்தாலும், வேடிக்கைக்கு மேல் அதற்கு மதிப்புத் தர வேண்டியதில்லை. நம் மதிப்பீட்டில், 'மித்பஸ்டர்ஸ்' முதல் வரிசையில் நிற்கிறது. 'டாப் ஷாட்' பாதி வெற்றி பெறுகிறது. கெடுவையும் சண்டையையும் நம்பிய பட்டறை நிகழ்ச்சிகள் தேறவில்லை.

தமிழ்த் தொலைக்காட்சியை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பல பருவங்களாகப் பிக்பாஸ் வீடு எழுந்து நிற்கும் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகம், இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தின் வாயிலில்தான் இருக்கிறது. 2019 ஜனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்டது. வல்லம் வடகாலில் விமானத் தொழிற்பூங்காவும் அமைந்திருக்கிறது. நுட்பமான பாகங்களைச் செய்யும் கைகள் இங்கே இருக்கின்றன, படம் பிடிக்கும் கருவிகளும் கலைஞர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு பாகம் எவ்வாறு அளக்கப்படுகிறது, ஏன் நிராகரிக்கப்படுகிறது, தடய அறிவியலார் ஒரு தோட்டாவைப் பார்த்து அது புறப்பட்ட துப்பாக்கியை எவ்வாறு அடையாளம் காண்கிறார்கள், ரைஃபிள் கிளப்பில் சேர்ந்த ஒரு மாணவி அசையாமல் நிற்க எத்தனை மாதம் பயில்கிறாள் என்பவற்றைச் சண்டையும் கெடுவும் இல்லாமல், நிதானமாகவும் உண்மையாகவும் சொல்லும் ஒரு தமிழ்த் தொடரை அவர்கள் எடுக்க வேண்டும். அதை மெச்சிப் பார்ப்பதற்குத் தகுந்த ரசிகர்கள், வேலையின் அருமை தெரிந்தவர்களாக, சேரப்பணஞ்சேரியிலும் ஒரகடத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.